தேவையற்றதாக இருக்கக்கூடியது

வாரம் ஒன்றாக மூன்று ஆன்டிவைரஸைச் சோதித்தேன்.
மதிப்பெண் போட்டது
ரப்பர் ஷீட் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்,
பென்சிலால்.

குலசேகரத்தில் ஐப்பசி முழுக்க மழை.
மரத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடையையும் மீறி
சிரட்டையில் தண்ணீர்.
வெட்டு நடந்தது ஆறே நாள்,
முதலாளிக்கு நான் எழுத வேண்டியதும் ஆறே வரி.
அந்த ஆறு வரியை எழுதவிடாமல்
திரை முழுக்கக் கடை விரித்தார்கள்:
வழுக்கைக்கு எண்ணெய், நொடியில் கடன்,
கனடாவில் வெல்டர் வேலை,
உங்கள் கணினியில் நாற்பத்தேழு வைரஸ்கள்.
ஒன்றை மூடினால் இரண்டு.
மூடுவதற்கான பெருக்கல் குறியும்
விளம்பரத்தின் படம்தான் என்று
கண்டுபிடிக்கவே எனக்கு நாலு நாள்.

"இது வைரஸ் இல்லக்கா, ஆட்வேர்.
நாசமெல்லாம் பண்ணாது.
கூடவே இருந்து தொணதொணக்கும், அவ்வளவுதான்"
என்றான் ஸ்டெபின்,
மார்த்தாண்டத்தில் இந்தப் பழைய பெட்டியை
ஒன்பதாயிரத்துக்கு என் தலையில் கட்டியவன்.

முதலாவது இலவசம்.
பன்னிரண்டு நிமிடத்தில்
முந்நூற்று ஆறு ஆபத்துகளைக் கண்டது.
கண்டதைச் சொல்வது மட்டும்தான் இலவசம்.
நீக்குவதற்கு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கனடா அப்படியே இருந்தது.
பத்துக்கு இரண்டு.

இரண்டாவது நன்றாகத்தான் பிடித்தது.
பிடித்துவிட்டு, தினமும் இரவு எட்டு மணிக்கு
வலது மூலையில் வந்து நின்று
தன் பெருமையைப் பேசியது.
அதற்கும் பெருக்கல் குறி தேட வேண்டியிருந்தது.
தவிர, எக்செல் திறப்பதற்குள்
ஒரு கட்டஞ்சாயா போட்டுவிடலாம்.
போட்டேன்.
றசலுக்கும் ஒரு கிளாஸ்.
ஐந்து. சாயாவுக்காக அரை கூட.

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடுத?
ஏதாவது ஒண்ணப் போட்டுட்டு விடு"
மழையைப் பார்த்தபடியே சொன்னார்.
குவைத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்தவருக்கு
இது ஐந்தாவது மாதம்.
கம்பெனியில் வேலை கொஞ்சம் மெதுவாம்.
கூப்பிடுவார்களாம்.

மூன்றாவது அதிகம் பேசாத ரகம்.
சிவப்பு இல்லை, மணியடிப்பு இல்லை.
ஒரு மணி நேரம் ஓசையில்லாமல் துழாவி
கடைசியில் ஒரே ஒரு பொருளை எடுத்து வைத்தது.

வகை: தேவையற்றதாக இருக்கக்கூடியது.
உடன் வந்தது: இலவச பயோடேட்டா தயாரிப்பான்.
நிறுவிய நேரம்: ஜூலை பத்தொன்பது, அதிகாலை 2.10.

அந்த இரவு நினைவிருக்கிறது.
ஏதோ மேட்ச் என்றார்.
கதவிடுக்கில் நீல வெளிச்சம்.
ஒரு கோலுக்கும் அவர் சத்தம் போடவில்லை.

கனடா என்னைத் தேடி வந்ததல்ல.
தேடியவரின் வாசனை பிடித்து
வீடு வரை வந்திருக்கிறது.

தேவையற்றது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை.
இருக்கலாம். இருக்கக்கூடும்.
கம்பெனி அவருக்குக் கொடுத்த கடிதத்திலும்
இதே இலக்கணம்தான் இருந்திருக்கும்.
எங்கே வைத்திருக்கிறார் அதை?
பெட்டி அடியிலா, வேதப்புத்தகத்துக்குள்ளா?
தேடவில்லை.
ஒரு நாளைக்கு ஒரு சோதனை போதும்.

நீக்கு, தனிமைப்படுத்து, அனுமதி
என மூன்று பொத்தான்கள்.
நீக்கினேன்.
தயாரிப்பான் போனது, தயாரித்தது போகவில்லை.
டவுன்லோட்ஸில் ஒரு பக்கம்:
றசல்ராஜ், வெல்டர், அனுபவம் பதினோரு வருடம்.
தற்போதைய வேலை என்ற கட்டத்தில்
எதுவும் எழுதாமல் ஒரு புள்ளி மட்டும்.

"போயிட்டா அது?" உள்ளிருந்து கேட்டார.
"போயிட்டு."
"எவ்வளவு போட்ட?"
"இன்னும் போடல்ல."

திரும்ப ஒருமுறை அந்தப் பக்கத்தை வாசித்தேன்.
தொலைபேசி எண்ணில் ஒன்பது இலக்கங்கள்.
ஜூலையிலிருந்து யார் கூப்பிட்டிருந்தாலும்
இந்த வீட்டில் மணி அடித்திருக்காது.
கடைசி ஏழைச் சேர்த்தேன்.
சேமித்தேன்.
தேதி மாறியது தெரியாமலிருக்க வழி உண்டா என்று
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
இல்லை.